மெல்லிசைக் குழுவுக்கு வாசிக்கக் கிளம்பும் தம்பிகளுக்கு

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் தெருப் பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணா, கித்தார் பழகிட்டேன், கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" கித்தார் மட்டும் போதாது கண்ணு. எனக்கு முதல் வாய்ப்பு வந்ததே, பேஸ் கித்தார் (தாழ்ந்த சுருதிக் கித்தார்) வாசிப்பவர் வராமல் போய், அதை நான் எடுத்த ஒரு ராத்திரியில்தான். கூடவே ஆக்டோபேடும் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவி) கொஞ்சம் தட்டப் பழகினால் இன்னும் நல்லது.

முதலில் கட்டைக் கணக்கை, அதாவது பாடகரின் சுருதியைச் சொல்லும் எண்களை, மனப்பாடம் செய்யுங்கள். 1 சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. கீபோர்டின் கறுப்புக் கட்டைகள்தான் அரைகள். அதனால் மூன்றரையும் ஏழரையும் கிடையாது. (ஏழரை மேடையில் வேறு விதமாக வரும்.) பாட்டு தொடங்கும் நேரத்தில் பாடகர் திரும்பி, "அரைக் கட்டை இறக்குங்க" என்பார். கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருப்பார். கித்தார் கழுத்தில் மாட்டும் நம் கேபோ கிளிப் சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. எனவே ஒவ்வொரு பாட்டையும் பார் கார்டு (barre chord, ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடித்து மூன்று கட்டைகளிலாவது வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது பனி. மார்கழியில் பாரியூர் கோயிலில் குண்டம் (தீமிதித் திருவிழா) வரும் சமயத்தில் திறந்தவெளி மேடை ஏறினால் தெரியும். குளிரில் கம்பி இறுகிக் கித்தார் சுருதி ஏறும். டோலக்கின் தோலோ ஈரம் குடித்து இறங்கும். இரண்டும் எதிரெதிராகப் போகும்போது நடுவில் பாடகர் மாட்டிக்கொள்வார். சுருதி காட்டும் ட்யூனரைக் கித்தாரிலிருந்து கழற்றவே கழற்றாதீர்கள். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை பாருங்கள். பையில் உதிரிக் கம்பி, இரண்டு கேபிள், டார்ச், நான்கு துணி கிளிப். கிளிப் எதற்கு? காற்றில் கார்டு (chord) எழுதிய தாள் பறந்தால் தெரியும்.

கோவையில் ஸ்டுடியோ வேலை கிடைத்தால், முந்தின நாளே புதுக் கம்பி மாட்டி இழுத்து விடுங்கள். ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், மைக்கில் கசியும். கச்சேரியில் காட்டும் வித்தையெல்லாம் அங்கே வேண்டாம். பாடகர் மூச்சு விடும் இடத்தில் நாலு ஸ்வரம் வாசித்தால் போதும்.

காசு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மாரியம்மன் நோம்பியில் கடைசிப் பாட்டு முடிந்து ஒயரைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தால், கூட்டி வந்தவரைக் காணோம். அன்றிலிருந்து பாதியை முன்பணமாகவும், மீதியை இடைவேளையிலும் வாங்கிவிடுகிறேன். அப்புறம், நடுராத்திரியில் டவுன் பஸ் இருக்காது. யார் வேனில் திரும்புகிறீர்கள் என்பதையும் பகலிலேயே பேசி வையுங்கள்.