ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் எஸ்எஸ்எச் லாகினைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி

இரண்டு சர்வர்கள் ஒரே மிதக்கும் ஐபி முகவரியை மாறி மாறி ஏற்றுக்கொள்ளும் கிளஸ்டரில், முதல் ஃபெயில்ஓவர் (ஒரு சர்வர் செயலிழந்ததும் மற்றது பணியை ஏற்பது) முடிந்ததும் நிர்வாகியின் திரையில் பெரும்பாலும் தோன்றுவது, எதிர்முனைக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்று எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) தரும் எச்சரிக்கையே. முகவரி பழையது, ஆனால் பதில் தரும் கணினி வேறு, அதை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் சாவியும் வேறு. நடுவில் ஒருவர் புகுந்து இணைப்பைக் கைப்பற்ற முயலும்போதும் இதே எச்சரிக்கைதான் வரும். ஆகவே இந்தச் சாவியைச் சரிபார்க்கும் ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங் என்ற சோதனையை நிறுத்திவைப்பதை எக்காரணம் கொண்டும் வழக்கமாக்கக் கூடாது.

முதலில் முகவரிகளைப் பிரியுங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் இடம்மாறாத நிர்வாக முகவரி ஒன்றைக் கொடுத்து, பராமரிப்புக்கான லாகின் அனைத்தையும் அதன் வழியாகவே நடத்த வேண்டும். மிதக்கும் முகவரி மட்டும் இடம்மாறும்போது இந்த இணைப்புகள் அறுபடுவதில்லை; எந்தச் சர்வருக்குள் இருக்கிறோம் என்ற குழப்பமும் எழாது.

கோப்புப் பரிமாற்றம் போன்ற தேவைக்காக மிதக்கும் முகவரியிலும் எஸ்எஸ்எச் வேண்டியிருந்தால், ஹோஸ்ட் சாவியின் ரகசியப் பாதியான ஒரே அந்தரங்கச் சாவியை எல்லாச் சர்வர்களுக்கும் நகலெடுப்பது எளிய வழிதான். ஆனால் ஒரு சர்வர் பறிபோனால் அனைத்தின் அடையாளமும் பறிபோகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2 சர்வர்கள் மட்டுமே எனில், இரண்டின் பொதுச் சாவிகளையும் மிதக்கும் பெயருக்கு எதிரே, பயனர்கள் அனைவருக்கும் பொதுவான நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (நம்பும் சர்வர் சாவிகளின் பட்டியல்) தனித்தனி வரிகளாக எழுதலாம். ஒரே பெயருக்குப் பல சாவிகளை, எஸ்எஸ்எச்சுக்கான மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் ஏற்கிறது. சர்வர்கள் கூடும்போது, 2010இல் வெளிவந்த 5.4 பதிப்பு முதல் கிடைக்கும் ஹோஸ்ட் சான்றிதழே சிறந்தது. கிளஸ்டருக்கு வெளியே பத்திரமாக வைத்த சான்றளிப்புச் சாவியால் ஒவ்வொரு சர்வரின் பொதுச் சாவியிலும் கையொப்பமிட வேண்டும். சர்வரின் சொந்தப் பெயர், மிதக்கும் பெயர் ஆகிய இரண்டும் சான்றிதழில் இடம்பெற வேண்டும்; காலாவதித் தேதியும் குறிக்கப்பட வேண்டும். பயனரின் கணினி அந்தச் சான்றளிப்புச் சாவி ஒன்றை நம்பினாலே போதும். சான்றிதழைச் சரிபார்க்கும் பயனர் கணினிகளின் கடிகாரங்கள் என்டிபி (வலைவழி நேர ஒத்திசைவு) மூலம் சரியாக இருக்கட்டும். நேரம் பிசகினால் செல்லுபடியான சான்றிதழும் நிராகரிக்கப்படும்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. பயனர்களின் ஹோம் கோப்பகம் பகிர்வு வட்டில் இருந்து, அந்த வட்டு செயலில் உள்ள சர்வரில் மட்டும் இணைக்கப்படுமானால், காத்திருக்கும் சர்வரில், உள்ளே நுழைய அனுமதி பெற்ற பயனர் சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பே இருக்காது. பழுதுபார்க்க உள்ளே செல்ல வேண்டிய நேரத்தில் கதவு மூடியிருக்கும். எனவே ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் அமைப்பின் மூலம் அக்கோப்புகளை ஒவ்வொரு சர்வரின் உள்வட்டிலேயே வைத்து, பல சர்வர்களை ஒருசேர அமைக்கும் அன்சிபிள் போன்ற கருவியால் ஒரே சீராகப் பராமரியுங்கள்.

பயனர் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்பில், எதிர்முனை உயிரோடு இருக்கிறதா எனச் சோதிக்கும் இடைவெளியான சர்வர் அலைவ் இன்டர்வலை 15 நொடி, பதிலில்லாத சோதனைகளின் வரம்பான கவுன்ட் மேக்ஸை 3 என வைத்தால், எதிர்முனை மௌனமான இணைப்பு ஏறத்தாழ 45 நொடிகளில் தானாக முறியும்.

அமைப்புக் கோப்பை மாற்றும்போதெல்லாம் சர்வரில் எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்எச்டி நிரலின் சோதனை முறையில் பிழை பாருங்கள். திறந்திருக்கும் ஓர் இணைப்பை மூடாமல், புதிய இணைப்பு கிடைத்த பிறகே அடுத்த சர்வருக்குச் செல்லுங்கள். இறுதியாக, முகவரியை நீங்களே இடம்மாற்றி, அதுவரை கிளஸ்டருடன் இணையாத ஒரு கணினியில் சான்றளிப்புச் சாவியை மட்டும் சேர்த்து, அங்கிருந்து லாகின் செய்து பாருங்கள். எச்சரிக்கையோ சாவியை ஏற்கலாமா என்ற கேள்வியோ தோன்றினால், விடுபட்ட பெயரைச் சான்றிதழில் சேர்த்து மீண்டும் கையொப்பமிடுங்கள்.