ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அட்வென்ச்சர் பைக்: வாங்குவதற்கு முன் நின்று பார்க்க வேண்டியவை

நல்ல சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் ஓடக்கூடிய, உயரமான அட்வென்ச்சர் பைக்குகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குதிரைத்திறனில் தொடங்கி லடாக்கில் முடிந்துவிடுகிறது. ஐம்பத்தைந்து வயதில் அப்படியொரு வண்டியை வாங்கி, அதிலேயே வங்கிக்கும் காய்கறிச் சந்தைக்கும் போய்வர நினைப்பவர் போட வேண்டிய கணக்கு வேறு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது 250 கிலோ வண்டிக்கும் 170 கிலோ வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை உடல் அதிகம் உணர்வதில்லை. ஓட்டத்தில் வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. வேகம் 5 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும்போதும், எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளும்போதும்தான் அந்த 80 கிலோ தன் முகத்தைக் காட்டும். ஆகவே இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி, ஓடும் வண்டியைப் பற்றியதல்ல, நிற்கும் வண்டியைப் பற்றியது.

என்னுடைய பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 முதன்முதலாகச் சாய்ந்தது எந்த மலைப்பாதையிலும் அல்ல, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவில்தான். ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு ஸ்கூட்டர் வர, முன் பிரேக்கைப் பிடித்து வலக்காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் மழைநீர் ஓடும் பள்ளம் இருந்தது. தரை நான் எதிர்பார்த்ததைவிட நான்கு விரற்கடை கீழே இருந்தது. அந்த நான்கு விரற்கடைக்குள் 199 கிலோ என் கையை விட்டுப் போய்விட்டது. காவலாளி ஓடிவந்து பின்புறக் கம்பியைப் பிடித்ததால் மட்டுமே அன்று நிமிர்த்த முடிந்தது.

இதற்குள் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வண்டி நேராக நிற்கும்போது அதன் எடை முழுவதும் சக்கரங்களின் மேல்தான் இருக்கும். சாயத் தொடங்கியதும் அதில் ஒரு பங்கு காலுக்கு வருகிறது. 5 பாகை சாய்வில் கால் தாங்க வேண்டியதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கை 15 பாகை சாய்வில் தாங்க வேண்டும். பாதம் தரையில் முழுதாகப் படிபவருக்கு வண்டி முதல் சில பாகைகளிலேயே நின்றுவிடும். நுனிக்காலில் எக்கி நிற்பவருக்கோ, கால் தரையைத் தொடும்போதே வண்டி பாதி வழி சாய்ந்திருக்கும். வயதானவருக்கு இருக்கை உயரம் எடையை விடவும் முக்கியமாவது இதனால்தான்.

உயரங்களைப் பார்ப்போம். ஹிமாலயன் 411-இன் இருக்கை 800 மில்லிமீட்டர். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-இல் அது 825, இருக்கையை உயர்த்தி வைத்தால் 845. தனியாக விற்கும் தாழ்ந்த இருக்கையைப் பொருத்தினால் 805. எடை 196 கிலோ. சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 835 மில்லிமீட்டர், 167 கிலோ. பெரிய வண்டிகளின் பக்கம் போனால், பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜிஎஸ் 850 மில்லிமீட்டர், 249 கிலோ. அதன் அட்வென்ச்சர் வடிவம் 890 மில்லிமீட்டர், 268 கிலோ, அதோடு 30 லிட்டர் டேங்க். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ என்று கொண்டால், நிரம்பிய அந்த டேங்கில் மட்டும் 22 கிலோவுக்கு மேல் எடை இருக்கிறது, அதுவும் வண்டியின் உச்சியில். சந்தைக்குப் போய்வர டேங்கை நிரப்பி வைக்க வேண்டியதில்லை, பாதி போதும்.

ஆனால் அட்டையில் அச்சிட்ட இருக்கை உயரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். அகலமான இருக்கை தொடைகளை விரித்து காலின் நீளத்தைத் தின்றுவிடும். முன்பக்கம் ஒடுங்கிய இருக்கையில், 20 மில்லிமீட்டர் உயரம் கூடுதலாக இருந்தாலும் பாதம் எளிதாகத் தரையைத் தொடும். ஓட்டுபவர் அமர்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமிழ்கிறது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். எனவே ஷோரூமுக்குப் போகும்போது தினமும் அணியும் காலணியோடு போங்கள்; தடித்த அடிப்பாகமுள்ள பயணக் காலணி தரும் கூடுதல் உயரம் மளிகைக் கடை வாசலில் உங்களோடு இருக்காது. வண்டியின் மேல் நேராக அமர்ந்து இரு கால்களையும் ஊன்றிப் பார்த்துவிட்டு, அடுத்து இடுப்பை இருக்கையின் இடப்பக்கமாகச் சற்று நகர்த்தி, வலக்காலைப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு, இடக்காலை மட்டும் ஊன்றுங்கள். அந்த ஒரு பாதம் குதிகால் வரை படிந்தால் போதும். இரு பாதங்களும் படிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு நல்ல வண்டிகள் பல கைநழுவிப் போகும்.

கால் எட்டவில்லை என்றால் முதலில் தாழ்ந்த இருக்கையை முயலுங்கள். அடுத்து, பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, குறைத்துப் பார்க்கலாம். பட்டறைகளில் பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்க்கை மாற்றி வண்டியையே தாழ்த்தித் தருவார்கள். இதை நான் கடைசி வழியாகவே சொல்வேன். வண்டி தாழ்ந்ததும் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய், வண்டி ஏறக்குறைய நேராக நின்று, இலேசாக இடித்தாலே வலப்பக்கம் கவிழும். ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் அதற்கு ஈடாக இறக்க வேண்டும், வேகத்தடையில் அடிப்பாகம் உரசுவதையும் பொறுக்க வேண்டும். பணம் ஒரு பொருட்டல்ல என்பவர்களுக்கு வேறு வழி உண்டு: ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்கா ஸ்பெஷல் 2021 முதல், வண்டி நிற்கப்போகும்போது தானாகவே தாழ்ந்துகொள்ளும் சஸ்பென்ஷனோடும் கிடைக்கிறது. பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜிஎஸ்ஸிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு.

இனி, டெஸ்ட் ரைடு. நெடுஞ்சாலையில் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வருவதில் பயனில்லை. எல்லா வண்டிகளும் அங்கே நன்றாகத்தான் ஓடும். எஞ்சினை அணைத்த வண்டியை இடப்பக்கம் நின்றபடி பத்தடி முன்னும் பின்னும் தள்ளுங்கள், சிறு ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் ஒருமுறை போட்டு எடுங்கள். கையால் தூக்காமல், ஸ்டாண்டின் இரு பாதங்களும் தரையைத் தொட்டதும் உடல் எடையை வலக்காலால் அதன் மேல் இறக்கினால் வண்டி தானாக ஏறும். ஏறவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு உரியதல்ல. பிறகு இருபதடிச் சாலையில் காலை ஊன்றாமல் யூ-டர்ன் எடுங்கள்: பார்வை திரும்ப வேண்டிய இடத்தில், கிளட்ச் பாதிப் பிடியில், வேகத்தைக் கட்டுப்படுத்துவது பின் பிரேக் மட்டும். கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் போக்குவரத்தில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு நோகிறவர்கள், கிளட்ச் லீவரே இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் டிசிடி வண்டியையும் ஓட்டிப் பார்க்கலாம். அதிலும் மெல்லத் திரும்பும்போது பின் பிரேக்தான் துணை.

ஏறுவதும் இறங்குவதும் முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயம். பின்னால் டாப் பாக்ஸ் மாட்டிய வண்டியில் காலைப் பின்பக்கமாக வீச முடியாது. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் இட ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று காலைத் தாண்டிப்போடுவது பலருக்கு எளிது, எனினும் முழு எடையும் ஸ்டாண்டின் மேல் விழுவதால் தரை கெட்டியாக இருக்க வேண்டும். மே மாத வெயிலில் இளகிய தாரிலும், மழைக்குப் பிந்தைய மண்ணிலும் ஸ்டாண்டு அமிழும். நான் டேங்க் பையில் உள்ளங்கையளவு தகரத் தட்டு ஒன்றை நூல் கட்டி வைத்திருக்கிறேன். வண்டியிலிருந்தபடியே அதைக் கீழே விட்டு ஸ்டாண்டை அதன் மேல் இறக்கிவிடலாம். நிறுத்தும்போது, திரும்ப எடுப்பது எப்படி என்பதை முதலில் யோசியுங்கள். முகம் பள்ளத்தை நோக்கியிருக்க நிறுத்தினால் 200 கிலோவை ஏற்றத்தில் பின்னோக்கி இழுக்க வேண்டிவரும். சரிவில் எப்போதும் முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி ஒருநாள் சாயும். சாயும் வண்டியைப் பிடித்து நிறுத்த முயலாதீர்கள்; தோள்பட்டையும் முதுகும் போவது அந்த நொடியில்தான். குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதென்றால் விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். முதலில் சாவியை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவையுங்கள், முடிந்தால் கியரில் போடுங்கள். கைப்பிடியைத் தரைப்பக்கமாக முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் இடுப்பு படியும்படி குந்துங்கள். ஒரு கை கீழே இருக்கும் கைப்பிடியில், மற்றொரு கை பின்புறக் கம்பியிலோ சட்டத்திலோ இருக்கட்டும். கைகளை நீட்டியபடியே வைத்து, மூச்சை அடக்காமல், தொடையின் வலுவால் பின்னோக்கிச் சிறு சிறு அடியாக வையுங்கள். முதுகு வளையக்கூடாது. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர் இதைத் தனியாகச் செய்யவே வேண்டாம். நம் சாலையில் கை கொடுக்க இரண்டு பேர் கிடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நிமிர்த்திய பின் வண்டி கிளம்பவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சாய்வை உணரும் சென்சார் எஞ்சினை நிறுத்தியிருக்கும், சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அன்றாடப் பயன்பாட்டில் இந்த வகை வண்டிக்கு நிஜமான நன்மைகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நிமிர்ந்த இருப்பு மணிக்கட்டையும் இடுப்பையும் காக்கிறது. நீண்ட சஸ்பென்ஷன் குழிகளை விழுங்குகிறது. உயரமான பார்வை கார்களுக்கு மேலே சாலையைக் காட்டுகிறது. அதே சமயம், பக்கப் பெட்டிகளை மாட்டினால் வண்டி ஆட்டோவுக்கு இணையாக அகன்றுவிடுவதுபோல் தோன்றும், ஆகவே நகருக்குள் அவற்றைக் கழற்றிவிடுவதே நல்லது. பெரிய எஞ்சின்கள் சிக்னலில் நிற்கும்போது தொடைகளின் மேல் வெப்பத்தைக் கொட்டுகின்றன. ட்யூப் போட்ட கம்பிச் சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். ட்யூப்லெஸ் கிடைக்குமானால் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவல்ல.

பணத்தைப் பற்றி ஒரு வரி: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு, அதற்குக் கீழே 18. உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். 55 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுகளுக்கே புதுப்பிப்பார்கள். என் கருத்தில், தினமும் ஓட்டப்போகும் ஐம்பது வயதுக்காரருக்கு 160 முதல் 200 கிலோ வரையிலான வண்டியே போதும். 250 கிலோ வண்டி, வீட்டில் இன்னொரு சிறு வண்டியும் சமதரையில் நிறுத்தும் வசதியும் உள்ளவருக்கானது.

கடைசியாக, பின்னால் உட்காரப்போகிறவரையும் ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுங்கள். பின்னிருக்கை முன்னிருக்கையைவிட உயரமானது, அதில் ஏற இட ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்றாக வேண்டும், சேலை கட்டியவர் ஒருபுறமாக உட்காரும்போது சமநிலை இன்னும் கடினம். நான் ஆசையோடு பார்த்துவைத்திருந்த பெரிய வண்டியின் பின்னிருக்கையில் என் மனைவி என் தோளைப் பிடித்து இரண்டாம் முயற்சியில் ஏறி உட்கார்ந்து, கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இறங்குறதுக்கு ஏணி தருவாங்களா?" என்று விற்பனையாளரிடம் கேட்டார். அன்றே அந்த வண்டி பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது.