பேணத் தெரியாத சம்பந்தி வீட்டுக்கு என்ன கொண்டு போவது?
தீபாவளிக்குப் பட்டு எடுக்காதீங்க. பாலித்தீன் கவரிலேயே பீரோவில் கிடந்தால் ஈரம் தங்கிச் சரிகை கறுக்கும், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் மடிப்போடு இழை விடும். எடுத்தே ஆகணும்னால் கவரை உருவிவிட்டு, வெள்ளை வேட்டித்துணியில் சுற்றிக் கொடுங்க.

வார்ப்பிரும்பு தோசைக்கல் வேண்டவே வேண்டாம். கழுவி ஈரத்தோடு கவிழ்த்தால் மறுநாளே துரு.

பவானி ஜமக்காளம் தாங்கும், முரட்டு நூல். முதல் இரண்டு அலசல் மட்டும் தனியாக நனைக்கச் சொல்லுங்க, சாயம் இறங்கலாம்.

தீர்ந்துபோகிற பொருள்தான் உத்தமம். ஊத்துக்குளி வெண்ணெய் 1 கிலோ உருக்கினால் ஏறக்குறைய முக்கால் கிலோ நெய் தேறும். சடசடப்பு அடங்கியதும் ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டு இறக்குங்க. ஆறியபின் வடிகட்டி, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் ஊற்றுங்க. ஈரக்கரண்டி பட்டால் சீக்கிரம் கெடும். தூக்கு திரும்பி வரும்னு மட்டும் காத்திருக்காதீங்க.