நியூயார்க் மேயர் பிரைமரி: ஐந்து பேரை வரிசைப்படுத்துவது எப்படி?

நியூயார்க் நகரில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், ஜெயிப்பவரே பெரும்பாலும் மேயராகிறார். அதனால் ஜூன் மாத வாக்கைத் தவறவிடாதீர்கள். வாக்காளர் பதிவில் அந்தக் கட்சியைக் குறித்துப் பதிந்தவர்கள் மட்டுமே அதில் வாக்களிக்க முடியும். வேறு கட்சியிலோ, கட்சி சாராமலோ ஏற்கெனவே பதிந்திருந்தால் பிப்ரவரி 14-க்குள் மாற்றிவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்தத் தேதியில்தான்.

இந்தப் பிரைமரியில் ஒருவரை மட்டுமல்ல, ஐந்து பேர்வரை விருப்ப வரிசையில் தேர்ந்தெடுக்கலாம். வாக்குச்சீட்டில் இடப்பக்கம் பெயர்கள், மேலே 1 முதல் 5 வரை விருப்ப எண்கள் இருக்கும். மிகவும் பிடித்தவருக்கு 1-ஆம் பத்தியில் (1 என்ற எண்ணின் கீழ்) வட்டத்தை முழுதாகக் கருக்குங்கள். அடுத்தவருக்கு 2-ஆம் பத்தியில். ஒரு பத்திக்கு ஒரே வட்டம், ஒரு பெயருக்கும் ஒரே வட்டம். ஒருவருக்கே ஐந்து வட்டங்களையும் கருக்கினால் ஒரு வாக்குதான். ஒரே பத்தியில் இருவரைக் கருக்கினால் அந்த விருப்பமும் அதற்குப் பின்வருபவையும் செல்லாது. தவறு நேர்ந்தால் ஸ்கேனரில் செலுத்துமுன் புதுச் சீட்டு கேளுங்கள், தருவார்கள்.

முதல் சுற்றில் யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், கடைசியில் உள்ளவர் நீக்கப்படுவார். அவருடைய வாக்குகள் ஒவ்வொரு சீட்டிலும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். இருவர் மிஞ்சும்வரை இப்படியே நடக்கும். உங்கள் முதல் விருப்பக்காரர் களத்தில் இருக்கும்வரை இரண்டாம் விருப்பத்தை யாரும் தொடுவதில்லை. ஆகவே 2 போடுவதால் 1-க்குக் கேடில்லை.

சீட்டில் உள்ள எல்லோரும் நீக்கப்பட்டுவிட்டால் அந்த வாக்கு இறுதிச் சுற்றில் சேராது. 2021-இல் எரிக் ஆடம்ஸ் கேத்ரின் கார்சியாவை 7,197 வாக்குகளில் வென்றார். அப்படிப் பாதியில் நின்றுபோன சீட்டுகளோ ஏறத்தாழ 1,40,000! எனவே மனதுக்குப் பிடித்த சிறிய வேட்பாளர்களை முதலில் போடுங்கள், தாராளமாக. ஆனால் இறுதிவரை வரக்கூடிய இருவரில் உங்களால் ஏற்க முடிந்தவர் ஐந்துக்குள் எங்காவது இருக்கட்டும். அறவே வேண்டாதவரை எந்த எண்ணிலும் போடாதீர்கள், ஐந்தாவதாகக்கூட.

வேட்பாளர்களும் இந்தக் கணக்கு அறிந்தவர்கள். 2025-இல் ஜோரான் மம்தானியும் பிராட் லாண்டரும் தத்தம் ஆதரவாளர்களிடம் மற்றவரை இரண்டாவதாகப் போடச் சொன்னார்கள். இறுதிச் சுற்றில் ஆண்ட்ரூ குவோமோவை மம்தானி 56-க்கு 44 என்ற விகிதத்தில் வென்றார்.

நவம்பர் பொதுத் தேர்தலில் வரிசை கிடையாது. பாதிக்கு மேல் தேவையில்லை, அதிக வாக்கு பெற்றவர் மேயர். பிரைமரியில் தோற்றவர் சுயேச்சையாகத் திரும்பி வரலாம், குவோமோ வந்தார். அங்கே ஒருவரை மட்டும் கருக்குங்கள்.