சீமெந்துத் தொட்டி மீனுக்கு ஒட்டுண்ணி மருந்து: அளந்து போடும் முறை

யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் தொட்டி கட்டித் திலாப்பியா வளர்ப்பவர்கள், மீன் சுவரில் உடலைத் தேய்த்தவுடன் மருந்து தேடி ஓடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது அளவு நாடா.

1. ஒரு மீனைப் பிடித்து வெள்ளை வாளியில் விட்டுப் பாருங்கள். ரவை தூவியதுபோலப் புள்ளிகள் இருந்தால் வெண்புள்ளி நோய். தட்டையாக, தோலில் நகர்ந்து திரிவது மீன்பேன். இரண்டும் இல்லாமல் சளி மட்டும் கூடியிருந்தால், பாதித் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். பல நேரம் குற்றம் தண்ணீரில்தான்.

2. நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் மீற்றரில் பெருக்கி, 1000 ஆல் பெருக்குங்கள். ஆழத்துக்குப் பதிலாகச் சுவரின் உயரத்தைக் கணக்கில் எடுத்துவிடாதீர்கள். 4 × 3 × 0.8 என்றால் 9600 லீற்றர்.

3. உப்பிலிருந்து தொடங்குங்கள். தொட்டித் தண்ணீர் 100 லீற்றரைத் தனியாக எடுத்து, ஒரு கிலோ கல்லுப்பை முழுவதும் கரைத்த பின் மீன்களை விடுங்கள். ஆனையிறவு உப்பே போதும். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மீன் பக்கவாட்டில் சாய்ந்தால் அந்தக் கணமே எடுத்துவிடுங்கள்.

4. உப்புக்கு அடங்காவிட்டால் பொற்றாசியம் பரமங்கனேற்று, லீற்றருக்கு 2 மில்லிகிராம். மேலே சொன்ன தொட்டிக்கு 19.2 கிராம். கரண்டிக் கணக்கு உதவாது, தராசு வேண்டும். முதல் நாளே தீனியை நிறுத்தி, அடியில் படிந்த கழிவை அகற்றுங்கள். காலையில், காற்றுப் பம்பியை ஓடவிட்டு, வாளியில் கரைத்த மருந்தைப் பரவலாக ஊற்றுங்கள். கத்தரிப்பூ நிறம் சிறிது நேரத்திலேயே பழுப்பானால் மருந்தைக் கழிவு தின்றுவிட்டது என்று பொருள்; மேலும் கொட்டாதீர்கள். நமது சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. காரத்தன்மை கூடிய நீரில் இந்த மருந்தின் பழுப்புப் படிவு செவுளில் ஒட்டும். ஆகவே நான்கைந்து மீன்களில் சோதித்த பிறகே தொட்டியில் இடுங்கள்.

ஒட்டுண்ணிக்குப் பயன்படும் இன்னொரு மருந்தான ஃபோமலின் நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கும். அதைப் பரமங்கனேற்றுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. புதியவர்கள் அதைத் தொடாமலிருப்பதே நல்லது. மலக்கைட் பச்சை என்ற சாய மருந்து அலங்கார மீன் கடையில் கிடைத்தாலும், உண்ணும் மீனுக்கு ஆகாது. எச்சம் சதையில் தங்கும்.

5. வெண்புள்ளிக் கிருமி தோலுக்குள் இருக்கும்வரை மருந்து எட்டாது, நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். எனவே சில நாள் இடைவெளியில் மீண்டும் செய்ய வேண்டும். மீன்பேனின் முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.