ஊர்ச் சமையல் போட்டியைக் கண்ணெடுக்காமல் பார்க்கும் நிகழ்ச்சியாக எடுப்பது எப்படி

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் யூடியூப் சேனல் நடத்துகிறவர்களும் உள்ளூர் கேபிள் டிவிக்காரர்களும் நோம்பி (ஊர்த் திருவிழா) சமயத்தில் சமையல் போட்டி வைப்பதுண்டு. எட்டுப் பேர் சமைப்பார்கள், மூன்று பேர் ருசி பார்ப்பார்கள், ஒருவர் பரிசு வாங்குவார். நேரில் நின்றவர்களுக்கு அது நல்ல பொழுது. வீட்டில் போனில் பார்க்கிறவர் மட்டும் ஐந்தாவது நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். சமைத்தவர்கள் மேல் குறையில்லை. திரையில் மணமும் வராது, ருசியும் வராது. நடுவர் 'சூப்பர்' என்றாலும் நம்ப வேண்டும், 'சுமார்' என்றாலும் நம்ப வேண்டும். பார்க்கிறவருக்கு அங்கே வேலையே இல்லை.

நடுவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா "மாவு ஆறிப்போச்சு, இனி எப்படிப் பிழிவா?" என்று சொல்லிவிட வேண்டும். போட்டி நிகழ்ச்சிக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒன்றுக்காகத்தான். எட்டுப் போட்டியாளர்கள், நான்கு எபிசோடு, எபிசோடுக்கு 40 நிமிடம் என்ற அளவுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தும்.

தவறினால் கண்ணுக்குத் தெரியும் பலகாரம்

டாஸ்க் தேர்வுதான் பாதி வேலை. பிரியாணி, குழம்பு, குருமா இவற்றை முதல் சுற்றில் வைக்காதீர்கள். உப்புக் கூடியதும் கசந்ததும் பார்க்கிறவருக்குத் தெரியாது, எட்டுத் தட்டும் ஒரே நிறத்தில் இருக்கும். கொங்குச் சமையலில் பிழை அப்படியே கண்ணில் படுகிற பலகாரங்கள் நிறைய உண்டு. அவற்றில் முதலிடம், அரிசி மாவை இட்லியாக வேக வைத்து இடியாப்பம் போல இழையாகப் பிழிகிற சந்தகைக்கு.

ஆளுக்கு அரை கிலோ இட்லி அரிசி கொடுங்கள். நான்கு மணி நேரம் ஊற வைத்த அரிசியாகவே கொடுத்துவிடலாம், ஊறுவதைப் படம் பிடித்துப் பயனில்லை. நேரம் 75 நிமிடம். ஆட்ட 20 முதல் 25 நிமிடம், இட்லியாக ஊற்றி வேக வைக்க 15 நிமிடம் போனால், பிழியவும் தேங்காய்ப் பால் எடுக்கவும் அரை மணி நேரம் மிஞ்சும். இதில் மூன்று இடத்தில் சறுக்கும். மாவு நைஸாக ஆட்டாவிட்டால் இழை அரை விரல் நீளத்துக்கு மேல் வராமல் அறுந்து அறுந்து விழும். தண்ணீர் கூடிவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மூன்றாவதுதான் பார்க்கவே பதைப்பானது: வெந்த இட்லியைச் சுடச்சுட பிழியும் மிஷினில் போடாமல் இரண்டு நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டால் இறுகிவிடும். கைப்பிடி அரைச் சுற்றில் நின்றுபோகும், பிழிகிறவரின் தோள் மேலேறும், மிஷினின் கால்கள் மேஜையில் நகரும், துளைகளில் மாவு மொட்டு மொட்டாக எட்டிப் பார்த்தபடி நிற்கும், ஒன்றும் கீழே இறங்காது. அந்த இடத்தில் பின்னணி இசை எதுவும் வேண்டாம்.

இரண்டாவது எபிசோடுக்கு ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி. மைதா, கடலைப்பருப்பு, வெல்லம் மூன்றும் கால் கிலோ வீதம். மாவு பிசைந்து எண்ணெயில் இரண்டு மணி நேரம் ஊறினால்தான் இழுத்த இழுப்புக்கு வரும், அதனால் பிசைவதை மட்டும் தனியாக முதலில் எடுத்து, பிறகு இடைவெளி விட்டு 60 நிமிடக் கடிகாரத்தை ஓட விடுங்கள். பருப்பு விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. தண்ணீரை முழுக்க வடிக்காதவர் பூரணத்தில் வெல்லம் சேர்த்ததும் அது இளகும், இலையில் தட்டும்போது பக்கவாட்டில் கிழியும். ராகிக்களியும் நல்ல டாஸ்க்தான்: வெட்டிக் காட்டினால் உள்ளே இருக்கும் மாவுக்கட்டி பொய் சொல்லாது.

மூன்றாவதில் உழவர் சந்தையை வைக்கலாம். ஆளுக்கு 300 ரூபாய், ஆறு பேர் சாப்பிடும் அளவு அரிசிம்பருப்பும் (அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் சோறு) ஒரு பொரியலும். அரிசி, பருப்பு, எண்ணெய் நீங்களே கொடுத்துவிடுங்கள், காய்க்குத்தான் அந்தப் பணம். கேமராவைப் பார்த்ததும் கடைக்காரர் பாசத்தில் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் கூடுதலாக அள்ளிப் போடுவார், அதிலேயே போட்டி சாய்ந்துவிடும். உழவர் சந்தையில் அன்றன்று விலைப் பலகை இருக்கும், அதை முதலில் படம் பிடியுங்கள். பை திரும்பியதும் தராசில் நிறுத்து, பலகை விலையோடு ஒத்துப் பார்த்துத் திரையில் போடுங்கள். சந்தை நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், போன அன்று கேட்டால் காலை வியாபாரம் முடியும் வரை நிற்க வைப்பார்கள்.

இறுதிச் சுற்றுக்குப் பள்ளிபாளையம் சிக்கனை விட நல்லது தெரியவில்லை. சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், எண்ணெய், உப்பு, மஞ்சள் என்று முடிந்துவிடும். மசாலாத் தூள் போட்டுத் தப்பிக்க வழியில்லை. தீயைக் கையாளத் தெரிந்தவர் யார் என்பது வெங்காயத்தின் நிறத்திலேயே தெரியும்.

எல்லாருக்கும் ஒரே தீ, ஒரே தண்ணீர்

பார்க்கிறவர் கோபப்படுவது தோற்றதற்காக இல்லை, ஓரவஞ்சனைக்காக. அதில் பாதி அடுப்படியிலேயே ஒளிந்திருக்கிறது.

இரண்டு மூன்று அடுப்புகளை ஒரே சிலிண்டரில் மாட்டினால், எல்லாம் சேர்ந்து எரியும்போது கடைசி அடுப்பின் தீ தணியும். ஆளுக்கொரு சிலிண்டர் வையுங்கள், 19 கிலோ வணிகச் சிலிண்டராகவே வையுங்கள். வீட்டு உபயோகச் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் துவரம்பருப்பு வேக நேரமாகும், சிறுவாணித் தண்ணீரில் சீக்கிரம் வெந்துவிடும். யாராவது வீட்டிலிருந்து பாட்டில் தண்ணீர் கொண்டு வந்தால் அனுமதிக்க வேண்டாம். எட்டு மேஜைக்கும் ஒரே கடையில் வாங்கிய 20 லிட்டர் கேன்.

ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் திறந்த மண்டபத்தில் ஷூட்டிங் வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்குப் பக்க அடுப்பின் தீயைத்தான் முதலில் படுக்க வைக்கும், காலர் மைக்கில் ஒரு சொல்லும் கேட்காது. தவிர்க்க முடியாவிட்டால் மேற்கே அடுப்புக்கு மேல் எழும்பும் உயரத்தில் தகரத் தடுப்பு கட்டுங்கள், மேஜைகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள்.

யாரைச் சேர்ப்பது

நன்றாகச் சமைக்கிறவர் எல்லாரும் திரைக்கு ஒத்துவருவதில்லை. ஆடிஷனுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே வேலை கொடுங்கள்: 45 நிமிடத்தில் அரிசிம்பருப்பு சோறு. ஒரே போனில் எடுங்கள். நடுவில் ஒரு முறை, "ஏனுங்கக்கா, பருப்பு இன்னும் வேகலீங்களா?" என்று கேளுங்கள். கை நிற்காமல் வாய் பதில் சொல்கிறதா என்று கவனியுங்கள். தவறு நடந்த நொடியில் "மாவு கொஞ்சம் எளகீருச்சுங்க" என்று வாய்விட்டுச் சொல்கிறவர் ஒருவர் போதும், அந்த எபிசோடையே தூக்கி நிறுத்திவிடுவார். மறைக்கப் பார்க்கிறவரின் சமையல் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பார்க்கிறவருக்கு எதுவும் எட்டாது.

கோபி வாய்க்கால் பாசன ஊர், பொள்ளாச்சித் தோப்பு, காங்கேயம், தாராபுரம் மானாவாரிக் காடு, திருப்பூர் பனியன் கம்பெனிப் பக்கத்து மெஸ் என்று வெவ்வேறு அடுப்பங்கரையிலிருந்து ஆள் எடுங்கள். தேங்காயைக் கணக்கில்லாமல் போட்டுப் பழகியவரும், கொள்ளும் கம்பும் வைத்தே வாரம் ஓட்டத் தெரிந்தவரும் ஒரே டாஸ்க்கை வெவ்வேறு விதமாக அணுகுவார்கள். சண்டையை மூட்டிவிடத் தேவையே இருக்காது. குடும்பத்துச் சோகத்தைக் கேட்டு அழ வைப்பதை அறவே விட்டுவிடுங்கள். அது அவருடைய ஊர், நாளைக்கு அதே பஸ்ஸில் போய் வர வேண்டியவர்.

புள்ளியும் வெளியேற்றமும்

முதல் எபிசோடிலேயே ஆளை அனுப்பினால் அவருடைய சொந்தபந்தம் அத்தனையும் அன்றோடு பார்ப்பதை நிறுத்தும். பார்க்கிறவருக்கும் இன்னும் பெயர் மனதில் பதிந்திருக்காது. முதல் இரண்டு எபிசோடின் புள்ளிகளைக் கூட்டி, கடைசி நான்கு பேரை அனுப்புங்கள். மூன்றாவதில் ஒருவர் போனால் இறுதிக்கு மூன்று பேர் இருப்பார்கள்.

இறுதிச் சுற்றிலும் பழைய புள்ளியைக் கூட்டினால், முன்னால் இருப்பவரை யாரும் எட்ட முடியாமல் போட்டி செத்துவிடும். எல்லாவற்றையும் பூஜ்யமாக்கினால் மூன்று வாரம் பார்த்தது எதற்கு என்று தோன்றும். மூன்றாவது எபிசோடில் முதலாவதாக வந்தவரை இறுதியில் ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்க விடுங்கள். மற்ற இருவரும் கையைக் கட்டி நிற்க, ஒருவர் மட்டும் வெங்காயம் உரிப்பது திரையில் தெரிகிற அனுகூலம். பலகையில் கூட்டல் போட்டுக் காட்டுவதை விட அது புரியும்.

பார்வையாளர் ஓட்டை வெற்றிக்குச் சேர்க்க வேண்டாம். வாட்ஸ்அப் குரூப் பெரிதாக உள்ளவர் ஜெயிப்பார். ஓட்டுக்கென்று தனிப் பரிசு வையுங்கள்.

நடுவர் மேஜை

மூன்று பேர் போதும்: நாற்பது வருடம் வீட்டில் சமைத்த ஒரு பெரியம்மா, ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டர், மெஸ் நடத்துகிற ஒருவர். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் பங்காளி, மாமன் மச்சான் என்று எங்காவது முடிச்சு விழும். ஆகவே போட்டியாளர் பட்டியலை முன்பே காட்டிக் கேட்டு, நெருங்கிய சொந்தம் இருந்தால் நடுவரை மாற்றுங்கள். தூரத்துச் சொந்தமென்றால் திரையிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பான்சருக்கு மேஜை மேல் இடம் கொடுக்கலாம், நடுவர் நாற்காலி கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் 1950களில் வினாடி வினா நிகழ்ச்சிகளில் பதிலை முன்கூட்டியே போட்டியாளருக்குச் சொல்லிக் கொடுத்தது வெளிவந்து, 1960இல் சட்டமே திருத்தும் அளவுக்குப் போனது. ஒரு முறை சந்தேகம் விழுந்த போட்டியை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

சமைக்கும்போது நடுவர்கள் வேறு அறையில் இருக்கட்டும். தட்டுக்கு அடியில் எண் ஒட்டுங்கள். 2010இல் தொடங்கிய பிரிட்டிஷ் பேக் ஆஃப் என்ற கேக், ரொட்டி சுடும் போட்டி நிகழ்ச்சியில் ஒரு சுற்று இப்படித்தான், எது யாருடையது என்று தெரியாமலே ருசி பார்ப்பார்கள், அந்தச் சுற்றில் பிரபலமான முகத்துக்குத் தனி மரியாதை கிடையாது. காரமான தட்டு முதலில் வந்தால் அடுத்த இரண்டு தட்டும் சப்பென்று இருக்கும், அதனால் ஒவ்வொரு நடுவருக்கும் வேறு வேறு வரிசையில் வையுங்கள். இடையில் இரண்டு வாய் மோர். சமைத்து முடித்த 15 நிமிடத்துக்குள் எல்லாத் தட்டும் சுவைத்தாக வேண்டும்.

ஐம்பதுக்கு மதிப்பெண்: ருசி 25, பதம் 15, நேரமும் சுத்தமும் 10. ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் தனித்தனித் தாளில் எழுதி, தாளைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். பேசிவிட்டு எழுதினால் முதலில் பேசியவர் சொன்னதே மூன்று தாளிலும் வரும். காரணம் சொல்லாத புகழ்ச்சியை எடிட்டிங்கில் வெட்டுங்கள். "இழை நீளமா இருக்கு, ஆனா விரல்ல ஒட்டுது" என்பது பார்க்கிறவர் சரிபார்க்கக் கூடிய பேச்சு.

கேமராவும் வெட்டும்

ஒரு போனை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி எட்டு மேஜையும் தெரிகிற அகல ஷாட் எடுங்கள். அதே பிரேமில் பெரிய டிஜிட்டல் கடிகாரம் இருக்க வேண்டும். கடிகாரம் தெரியாத போட்டியில் கடைசி ஐந்து நிமிடப் பரபரப்பை யாரும் நம்புவதில்லை. இன்னும் மூன்று போன்கள் கைகளைத் தொடரட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் எல்இடி விளக்கு மினுமினுக்காது. இட்லிச் சட்டிக்கு நேர் மேலே பிடித்தால் லென்ஸ் ஆவி பிடிக்கும், பக்கவாட்டில் இரண்டடி தள்ளி நில்லுங்கள். எட்டு கிரைண்டரையும் வெளித் திண்ணையில் வையுங்கள், இல்லாவிட்டால் 25 நிமிடப் பேச்சு முழுக்க வீண்.

போட்டியாளரின் தனிப் பேச்சை முடிவு அறிவிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள், அடுப்பை அணைத்த 15 நிமிடத்துக்குள். ஜெயித்தது தெரிந்த பிறகு எடுத்தால் அது குரலிலேயே தெரிந்துவிடும். இரண்டு இடத்தில் பேசியதை ஒட்டி ஒரே வாக்கியமாக்காதீர்கள். 40 நிமிடத்தில் விதி விளக்க 3, சாமான் வாங்க 5, சமையலுக்கு 20, ருசி பார்க்க 8, முடிவுக்கு 4 என்று பிரித்தால் தொய்வு இருக்காது.

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். முடிவு தெரியாத இரண்டு பேரை, வீட்டுச் சமையல் தெரிந்தவர்களாகப் பார்த்து, உட்கார வைத்து, ருசி பார்க்கும் கட்டம் தொடங்கும் முன் நிறுத்துங்கள். யார் முதல், யார் கடைசி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பதத்தில் நடுவர்கள் போட்ட வரிசையோடு ஓரளவு ஒத்துப்போனால் எடிட்டிங் சரி. முழுக்கத் தலைகீழாக இருந்தால், பெரும்பாலும் ஒரு ஷாட் விட்டுப் போயிருக்கும்: ஒப்புட்டைப் பிட்டுக் காட்டியது, களியை வெட்டியது, இட்லி ஆறிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடம். அகல ஷாட்டில் கடிகாரத்தைப் பார்த்து அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, இருந்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.