பெரியவர்களுக்கு ஆண்டிபயாடிக்: சீட்டோடு மூன்று எண்களையும் கொண்டு வாருங்கள்

"பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இதே காய்ச்சலுக்கு இந்த மாத்திரைதான் கேட்டது, எங்கள் ஆயாவுக்கும் அதையே கொடுங்கள்" என்று மழைக்காலம் முழுக்க யாராவது என் மருந்துக்கடைப் படியேறுவார்கள். கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. சீட்டில்லாமல் நான் கொடுப்பதில்லை. லிவோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் போன்ற ஆண்டிபயாடிக்குகள் 2014 முதல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் விற்றதைப் பதிவேட்டிலும் எழுதியாக வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தாத்தாவின் கிட்னி வேறு, ஆயாவின் கிட்னி வேறு. அதனால்தான் சீட்டு எழுதும் டாக்டரிடமே வயது, எடை, கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றும் ஒரு கழிவு, இரத்தப் பரிசோதனையில் தெரியும்) ஆகிய மூன்றையும் சொல்லிவிடுங்கள் என்கிறேன்.

வயதும் எடையும் எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. "கிரியேட்டினின் நார்மல்தானே, ரிப்போர்ட்டில் 1.0 என்று போட்டிருக்கிறதே" என்று வாதாடுபவர்கள்தான் அதிகம். சிக்கலே அங்குதான். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உடம்பு வற்றிப்போன ஆயாவுக்குத் தசையே கொஞ்சம்தான். அதனால் கிட்னி தளர்ந்திருந்தாலும் அந்த எண் நல்லபிள்ளையாகவே நிற்கும். நாற்பது வயதுக்குமேல் கிட்னியின் வடிகட்டும் திறன் பெரும்பாலோருக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் இறங்குகிறது. ரிப்போர்ட்டில் தெரியாத அந்த இறக்கத்தைப் பிடிக்க 1976இல் வந்த காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரம் இன்றும் உதவுகிறது: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும், பெண்ணானால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும்.

போட்டுப் பாருங்கள். 78 வயது, 42 கிலோ, கிரியேட்டினின் 1.0 உள்ள ஆயாவுக்கு ஏறத்தாழ 31 வருகிறது. அதே 1.0 உள்ள 28 வயதுப் பேத்திக்கு, எடை 55 கிலோ என்றால், 73. ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே எண். வடிகட்டுவதில் ஆயாவுக்குப் பேத்தியில் பாதிக்கும் கீழே.

இதனால் மாத்திரையில் என்ன மாறும்? லிவோஃப்ளாக்சசின் பெரும்பாலும் கிட்னி வழியாகவே வெளியேறுகிறது. தினம் 500 மில்லிகிராம் எழுதும் இடத்தில், கணக்கு 20க்கும் 49க்கும் இடையே வந்தால் முதல் நாள் 500, அடுத்த நாளிலிருந்து 250 என்பதே வழக்கமான அளவு. முதல் வேளையைக் குறைப்பதில்லை. கிருமியை அடக்கும் அளவுக்கு மருந்து இரத்தத்தில் ஏறியாக வேண்டும். தாமதமெல்லாம் அதை வெளியே அனுப்புவதில்தான். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். அரைகுறை அளவில் கிருமி பிழைத்துக்கொள்ளும். கணக்கைக் காட்டிக் கேளுங்கள், மாற்றுவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

எல்லா மருந்துக்கும் இந்தக் கவலை இல்லை. மழைக்குப் பின் நம் பக்கம் தலைகாட்டும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு எழுதும் டாக்ஸிசைக்ளினுக்குக் கிட்னிக்காக அளவைக் குறைப்பதில்லை. ஆனால் அதை ஒரு மிடறு தண்ணீரில் போட்டுக்கொண்டு உடனே படுத்தால், தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர், அரைமணி நேரம் உட்கார்ந்திருத்தல், இரண்டும் கட்டாயம். ஊசியாகப் போடும் அமிக்காசின், ஜென்டாமைசின் இரண்டும் கிட்னியைத்தான் நம்பியிருக்கின்றன. ஊசி தொடங்கும் முன் மூன்று எண்களையும் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்து, அந்தத் துணிப்பையைக் கொண்டு வாருங்கள். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பச்சை மாத்திரை எல்லாம் அதில்தானே இருக்கின்றன! வயதாகும்போது மருந்துகளை உடைக்கும் கல்லீரலுக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறைகிறது. ஒரு மருந்து இன்னொன்றின் வழியை மறித்தால் நெரிசல் கூடும். கிளாரித்ரோமைசினோடு சில கொழுப்பு மாத்திரைகள் சேர்ந்தால் தசை நோகும். கோட்ரைமாக்சசோலோடு ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை பிரஷர் மாத்திரைகள் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். காய்ச்சலும் பேதியுமாக உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாட்களில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேண்டவே வேண்டாம்.

பாலில் மாத்திரை கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளை விட்டுப் போகாது போலிருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு கொடுத்தால் மருந்தின் ஒரு பங்கு குடலிலேயே கட்டுண்டுவிடும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான ஜெலுசில் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். சிப்ரோவை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள்; இவற்றைச் சாப்பிட்டுவிட்டார் என்றால் ஆறு மணி நேரம் பொறுத்துக் கொடுங்கள்.

மருந்து ஓடும் நாட்களில் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. லிவோஃப்ளாக்சசின், சிப்ரோ சாப்பிடும்போது குதிகாலுக்கு மேலே தசைநார் இழுத்து வலித்தால் அடுத்த வேளை கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். அறுபது தாண்டியவருக்கு, அதிலும் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு, அந்தத் தசைநார் அறுந்துபோகவும் கூடும். இவற்றோடு சுகருக்குக் கிளிமெபிரைடு சாப்பிடுபவருக்கு வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரையைச் சோதியுங்கள். திடீரென்று இடம், பெயர் மாற்றிப் பேசினால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். மருந்து உடம்பில் தேங்குவதாலும் அப்படி ஆகும். அமிக்காசின், ஜென்டாமைசின் போடும்போது காதில் இரைச்சல் கேட்டாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியோ கோரிமேடு ஜிப்மரோ, எங்கே காட்டினீர்களோ அங்கே அன்றைக்கே போய்விடுங்கள்.